கண்ணால பாத்தேன் மக்களே

கார் பந்தய மைதானத்து வர்ணனை மாடியில் மைக்கை அணைத்த பிறகும் சோலைராசுவின் உதடு ஓயவில்லை. வாய்க்குள் இஞ்சி மிட்டாய் கரைந்துகொண்டிருந்தது. சனியன் பிடித்த மிட்டாய். இதன் தாளைப் பிரிக்கக் குனிந்த நேரத்தில்தானே கீழே அது நடந்து தொலைத்தது. தாள் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது, நகத்தால் கீறினார், பல்லால் இழுத்தார், அதற்குள் எதிர் கேலரியில் இருந்து ஹோவென்று சத்தம், நிமிர்ந்து பார்த்தால் மூன்றாம் வளைவில் ஜெரால்டின் மஞ்சள் கார் டயர் சுவருக்குள் மூக்கைச் சொருகிப் புகைந்துகொண்டிருக்கிறது, யுகேந்திரனின் நீலக் கார் ஒன்றும் நடக்காததுபோல முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான் அவர் பார்த்தது. கிடக்கிற கார் ஒன்று, ஓடுகிற கார் ஒன்று. இடித்ததைப் பார்க்கவில்லை. கண் பார்க்காததை வாய் பார்த்துவிட்டது. ‘வேணும்னே இடிச்சுட்டான்யா! யுகேந்திரன் வேணும்னே இடிச்சுட்டான்! என் ரெண்டு கண்ணால பாத்தேன் மக்களே!’ மிட்டாய் அப்போது கையில் இருந்தது. எப்போது வாய்க்குள் போனது என்று அவருக்கு நினைவில்லை. ஜெரால்டை இரண்டு பேர் தூக்கி ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள், கால் போய்விட்டது என்றார்கள், போகவில்லை, முழங்காலுக்குக் கீழே முறிவுதான் என்றார்கள். காலைப் பந்தயத்தை அதோடு நிறுத்திவிட்டார்கள், அடுத்தது மதியம். சாப்பாட்டு இடைவேளை. இதுதான் யாருக்குச் சாம்பியன் பட்டம் என்று முடிவாக வேண்டிய நாள், அந்த இரண்டு பேரில் யார் முன்னால் வருகிறானோ அவனுக்குப் பட்டம், அதற்குத்தான் கோயம்புத்தூருக்கு வெளியே இந்த வெயிலில் இத்தனை கூட்டம். இப்போது கேலரியில் பையன்கள் தகரத்தைத் தட்டிக்கொண்டு கத்துகிறார்கள். வேணும்னே, வேணும்னே, வேணும்னே. அவர் வாயிலிருந்து விழுந்த சொல், அவர் இழுத்த அதே இழுவையோடு. நல்லாத்தான் புடிச்சிருக்காய்ங்க ராகத்தை என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார்.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. இந்தப் பழமொழியை அவரே மைக்கில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார், மாடுபிடிக் களத்தில், அடுத்த மாடு வாடிவாசலுக்கு வருவதற்குள் இருக்கிற இடைவெளியை நிரப்ப. நத்தத்தில் இருந்து அந்தப் பக்கம் சிவகங்கை எல்லை வரைக்கும் மைக் சோலை என்றால் தெரியாத மாட்டுக்காரன் கிடையாது. அங்கே மைக்தான் தீர்ப்பு. மாடு சீறிக்கொண்டு வரும், பத்து பேர் பாய்வார்கள், புழுதி கிளம்பும், திமிலைப் பிடித்தானா வாலைப் பிடித்தானா, ஒருத்தன் பிடித்தானா இரண்டு பேர் தொங்கினார்களா என்பதை எந்த மகராசனால் பார்க்க முடியும். ஆனாலும் புழுதி அடங்குவதற்குள் சொல்லியாக வேண்டும். மாடு வெற்றி, மாட்டுக்காரர் அண்டா வாங்கிக்கங்க. இல்லாவிட்டால், வீரர் வெற்றி, மஞ்சச் சட்டைத் தம்பி மேடைக்கு வாங்க. சொல்வதில் ஒரு நொடி தயங்கினால் போச்சு, நாலு பேர் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள், அப்புறம் களமே கலவரமாகிவிடும். கமிட்டிக்காரர்கள் மேடையில் உட்கார்ந்திருந்தாலும் காதை இவர் பக்கம்தான் வைத்திருப்பார்கள். ‘கண்ணால பாத்தேன் மக்களே’ என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டால் எதிர்ப்பேச்சு இல்லை. அது அங்கே பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. கல்யாணப் பத்திரிகையில் ‘தங்கள் நல்வரவை நாடும்’ என்று போடுவதுபோல ஒன்று. அந்தப் பழக்கத்தை அப்படியே மூட்டை கட்டி இங்கே கொண்டுவந்து இறக்கிவிட்டார். கார் பந்தயத்தைத் தமிழில் சொல்ல ஆள் வேண்டும் என்று கூப்பிட்டபோது, காரும் நாலு கால் மாடுதானே என்று வீட்டில் பேச்சியம்மாளிடம் பெருமை அடித்தார். பேச்சியம்மாள் சொன்னாள், மாட்டுக்குள்ள ஆள் உக்காந்திருக்க மாட்டான், பாத்துப் பேசுங்க. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், வெங்காயம் உரித்துக்கொண்டு. இங்கே ஆங்கிலத்தில் சொல்கிற கோகுல்நாத் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். அவர் அந்த நேரம் என்ன சொன்னார்? வளைவில் ஏதோ நடந்திருக்கிறது, பொறுத்துப் பார்ப்போம், என்கிறமாதிரி. என்ன உப்புச்சப்பில்லாத பேச்சு என்று காலையில் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தார் சோலைராசு. இப்போது அந்த மனுஷன் சாப்பிடப் போயிருக்கிறார். அவருக்குப் பசிக்கும். ஏன் பசிக்காது.

காதில் மாட்டியிருந்த கருவி கரகரத்தது. ஒளிபரப்பைப் பார்த்துக்கொள்கிற தாரிணி. ‘சோலை சார், நடுவர் ரூம்ல இருந்து கேக்கறாங்க. அந்த வளைவுல நம்ம கேமரா முன்னாடி போன வண்டியைத்தான் காட்டிட்டு இருந்திருக்கு. மோதுனது எதுலயும் பதியல. கொடி பிடிச்சவங்க நின்ன எடத்துல இருந்து பாத்தா ஒரே புகையாம். நீங்க கண்ணால பாத்தேன்னு சொன்னீங்கல்ல, அதான். பாத்தீங்களான்னு கேட்டுச் சொல்லச் சொல்றாங்க.’ சோலைராசு ‘ம்’ என்றார். ‘பாத்தீங்கன்னா நீங்க கீழ வந்து அவங்ககிட்டயே சொல்லணுமாம்.’ அதற்கும் ‘ம்’. ஒரு நிமிஷம் இரும்மா என்று வாயசைத்தார். பாத்தேன் என்றால் யுகேந்திரன் கதை முடிந்தது. வேண்டுமென்றே இடித்தான் என்று ஆகிவிட்டால் பட்டம் போகும், அதோடு எத்தனை வருஷத்துக்கோ அவனைக் காருக்குள் உட்கார விடமாட்டார்கள், அப்புறம் அவன் எந்த ஊர் டிராக்குக்குப் போனாலும் இவன்தான் அந்தக் காலை ஒடித்தவன் என்று பேச்சு. பாக்கல என்றால் இவர் கதை. மைக் சோலை பாக்காமலே பாத்தேன்னு சொன்னவன். நத்தத்து மாட்டுக்காரன் காதுக்குப் போனால் போதும், அப்ப என் செவலைக் காளை தோத்ததும் இப்படித்தானா என்று ஒவ்வொருத்தனாகக் கிளம்புவான், எல்லா அண்டாவையும் திரும்பக் கேட்பார்கள். ஒருவேளை பார்த்திருப்போமோ. மிட்டாயைப் பிரிக்கும்போது கண் ஓரத்தில் ஏதாவது விழுந்திருக்காதா. நீலம் உள்பக்கம் வந்தது. மஞ்சள் வெளிப்பக்கம். நீலம் ஒதுங்கியிருக்கலாம், ஒதுங்கவில்லை. இல்லை, மஞ்சள்தான் இடம் விடாமல் குறுக்கே மடங்கியது. கண்ணை மூடிப் படம்போல ஓட்டிப் பார்த்தார், இரண்டும் ஓடின, இரண்டும் நேரில் கண்டதுபோல அச்சு அசலாக இருந்தன. மூன்றாவதாக ஒன்று போட்டுப் பார்த்தார், யாரும் எதுவும் செய்யவில்லை, இரண்டு பேரும் ஒரே இடத்துக்கு ஆசைப்பட்டார்கள், இடம் ஒன்றுதான். அதுவும் ஓடியது. அட, நல்லா ஓடுது. எத்தனை வேண்டுமானாலும் ஓட்டலாம் போல. கண்ணால் கண்டதும் பொய் என்பார்கள். காணாததையே இப்படிக் காட்டுகிற கண்ணை என்ன செய்ய.

வீட்டில் பெரியவனும் சின்னவனும் அடித்துக்கொண்டு வருவார்கள். சின்னவன் தரையில் விழுந்து புரளுவான், பெரியவன் கதவோரம் நிற்பான். இவர் போய் நிற்கிறவன் முதுகில் ஒன்று வைப்பார். பேச்சியம்மாள் அடுப்படியில் இருந்தே சொல்வாள், அழுகுறவனப் பாத்துட்டு அழுகாதவன அடிக்கிறீங்களே, நடந்ததக் கேட்டீங்களா. கேட்பதற்கு என்ன இருக்கிறது, ஒருத்தன் கீழே கிடக்கிறான், ஒருத்தன் நிற்கிறான். உலகத்தில் எல்லாரும் அப்படித்தான். லாரியும் சைக்கிளும் மோதினால் லாரிக்காரனைத்தான் கட்டி வைப்பார்கள், சைக்கிள்காரன் எந்தப் பக்கம் வந்தான் என்று எவன் கேட்டான். விழுந்தவன் பக்கம் சாய்வது இரக்கம்தானே, அதில் என்ன தப்பு. ஆனால் மைக்கில் பேசினபோது இரக்கமா இருந்தது? இல்லை. அதுதான் உறுத்துகிறது. உள்ளுக்குள் ஒரு குதூகலம் இருந்தது. காலையில் இருந்து டயர், எஞ்சின், சுற்று என்று புரியாததை எல்லாம் படித்துப் படித்துச் சொல்லி நாக்கு செத்துப்போயிருந்தது, கடைசியில் புரிகிற மாதிரி ஒன்று நடந்தது, ஒருத்தன் ஒருத்தனை அடித்தான், அப்பாடா என்று அதைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் சின்ன வயசிலிருந்தே ஒருத்தனை ஒருத்தன் துரத்திக்கொண்டு வளர்ந்தவர்கள் என்று தாரிணி முதலிலேயே சொல்லி வைத்திருந்தாள். பகை என்றால் இடி, இடி என்றால் வேணும்னே. கூட்டல் கணக்கு மாதிரி வந்து விழுந்தது. இதில் கண்ணுக்கு என்ன வேலை.

அந்தப் பையன் முகம் வேறு. காலையில் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இந்த மாடிக்கே ஏறி வந்தான் யுகேந்திரன். இருபத்திரண்டு வயசு இருக்குமா, மீசையே ஒழுங்காக இறங்கவில்லை. ‘நீங்கதானுங்களாண்ணா தமிழ்ல பேசறது? எங்கம்மா ஊட்ல பாக்குதுங்ணா. இத்தன வருஷமா நான் ஓட்டறத வெறும் படமாத்தான் பாத்துட்டு இருந்துச்சு, இங்கிலீஸ்ல பேசறது ஒண்ணும் புரியாது. இன்னிக்குத்தான் புரியப்போகுது. எம் பேரு வந்தா கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்ணா.’ சொல்லிவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்தான். சத்தமாச் சொல்லியாச்சு. அந்த அம்மா எந்த ஊரில் எந்த வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்ததோ, முதல்முதலாகப் புரிந்த பந்தயத்தில் அதுக்குப் புரிந்தது இது. மகன் வேணும்னே இடிச்சுட்டான். ஒரு ஆம்பளை கண்ணால பாத்தேன்னு சத்தியம் பண்றான். இங்கிலீஷே இருந்திருக்கலாம் அந்தத் தாய்க்கு. சீ, என்னய்யா மனுஷன் நீ. எதிரே கண்ணாடிச் சுவரில் அவர் முகம் லேசாகத் தெரிந்தது, கன்னம் மிட்டாயால் ஒரு பக்கம் புடைத்திருந்தது, அடி வாங்கினவன் மாதிரி. மிட்டாயைக் கையில் துப்பி ஜன்னல் வழியாக எறிந்தார். படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. வந்துவிட்டான், இல்லை அவன் அப்பன், இல்லை கூட்டமாக வருகிறார்கள் என்று நாற்காலிக் கையை இறுகப் பிடித்தார். தண்ணீர் கேன் போடுகிறவன் வந்து கேனை மாற்றிவிட்டுப் போனான். போகிற போக்கில், ‘அண்ணே, நல்லாச் சொன்னீங்க, அவனுக்கெல்லாம் அப்படித்தான் வேணும்’ என்றான். அவன் அடித்திருந்தால்கூடத் தேவலை.

‘சார், வெயிட் பண்றாங்க’ என்றாள் தாரிணி. சோலைராசு எழுந்து நின்றுகொண்டார். உட்கார்ந்து சொல்ல முடியாது என்று பட்டது. ‘பாக்கலன்னு சொல்லிரும்மா.’ காதுக் கருவியை விரலால் அழுத்திக்கொண்டார். ‘மோதுனத நான் பாக்கல. குனிஞ்சிருந்தேன். சத்தம் கேட்டுத்தான் பாத்தேன்.’ ‘சார், ஆனா கண்ணாலன்னு...’ ‘அது வாயிம்மா. வாய் சொல்லுச்சு. பாக்கல.’ கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து முடிவு வந்தது. வேறு சாட்சி இல்லை, பந்தயத்தில் நேரக்கூடிய மோதல், யார் மேலும் குற்றம் இல்லை, யுகேந்திரன் மதியப் பந்தயத்தில் ஓட்டலாம். இதைத் தமிழில் கூட்டத்துக்குச் சொல்ல வேண்டியது இவர் வேலை. மைக்கைத் தட்டினார். கேலரி இன்னும் வேணும்னே வேணும்னே என்றது. ஒரு தடவை படித்தார், கேட்கவில்லை. இரண்டாம் தடவை படித்தார், ஊ என்று கூச்சல் கிளம்பியது. மைக் சோலையே பார்த்துவிட்டுச் சொன்ன பிறகு நடுவர்கள் யார் என்கிற கூச்சல் அது, அவருக்குத் தெரியாதா, இருபது வருஷமாக அந்தக் கூச்சலை வளர்த்தவரே அவர்தான். அப்போது யாரும் எழுதிக் கொடுக்காததைச் சொன்னார். ‘மக்களே, நான் பாக்கல. அந்த நேரம் நான் குனிஞ்சு மிட்டாய் பிரிச்சுக்கிட்டு இருந்தேன். வேணும்னேன்னு நான் சொன்னது என் வாய்க்கொழுப்பு. வீட்ல இருந்து கேட்ட யுகேந்திரன் அம்மா, ஒங்ககிட்டயும் சொல்றேன், ஒங்க மகன் இடிச்சத நான் பாக்கல தாயி. மன்னிச்சுக்கங்க.’ கூச்சல் குழம்பி, சிரிப்பாகி, யாரோ மிட்டாய் மிட்டாய் என்று கத்தி, அதுவும் அடங்கியது. மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தபோது உடம்பு லேசாக இருந்தது. பல் பிடுங்கின பிறகு இருக்குமே, அந்த மாதிரி. பேர் போனால் போகட்டும். ஒரு பையன் பிழைத்தான். மைக்கைப் பிடித்த இத்தனை வருஷத்தில் ஒரு மாட்டுக்காரனுக்குக்கூடக் கொடுக்காத நியாயத்தை ஒருத்தனுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்று நினைத்தபோது கண் நிறைந்தது. பேச்சியம்மாளுக்குப் போன் போடலாமா என்றுகூட நினைத்தார்.

யுகேந்திரன் அப்போதுதான் வந்தான். ஓட்டப் போகிற உடுப்பு இல்லை, சாதாரணச் சட்டை மாட்டியிருந்தான், கழுத்தில் மட்டும் ஹெல்மெட் வார் அழுத்தின தடம் சிவப்பாக இருந்தது. சோலைராசு எழுந்து இரண்டு கையையும் கூப்பினார். ‘தம்பி, நான்...’ ‘கேட்டனுங்ணா’ என்றான் பையன். முகத்தில் சந்தோஷம் இல்லை. கோபமும் இல்லை. வாசற்படியிலேயே நின்றான். ‘நெசமாவே பாக்கலீங்களா?’

‘பாக்கல தம்பி. சத்தியமா பாக்கல.’

‘கொஞ்சங்கூடவா? கடைசியிலயாச்சும்?’

‘இல்லப்பா. ஒரு பொட்டுகூட இல்ல. நீ மனசுல வச்சுக்காத.’

பையன் தலையை ஆட்டினான். பிறகு கோகுல்நாத்தின் நாற்காலியில், கேட்காமலே, மெதுவாக உட்கார்ந்தான். ‘நீங்க மைக்ல வேணும்னேன்னு சொன்னது எனக்குக் காருக்குள்ள கேக்கலீங்ணா. எறங்கினதுக்கப்புறம் பசங்க போன்ல போட்டுக் காட்டுனாங்க. எல்லாரும் ஒங்கள ஏசுனாங்க. எனக்குக் கோவமே வர்ல. இந்த அண்ணனுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னுதான் இருந்துச்சு.’ அவன் கை இரண்டும் மடியில் கிடந்தன, அவற்றைப் பார்த்துக்கொண்டே பேசினான். ‘காத்தால இருந்து அவன் முந்திரக் கூடாதுன்னு ஒரே நெனப்பு. வளைவுக்கு உள்ள போறப்ப அவன் வண்டி பக்கத்துல தெரிஞ்சுது. அதுவரைக்கும் நெனவு இருக்குதுங்ணா. அப்பறம் நேரா ரோடு தெரியுது. நடுவால என்ன பண்ணேன்னு எனக்குத் தெரியல. நெசமாத் தெரியலீங்ணா. நடுவருங்க கேட்டப்பவும் தெரியலன்னுதான் சொன்னேன், தந்திரமாப் பேசறேன்னு நெனச்சிருப்பாங்க. நீங்க ஒருத்தருதான் அத்தன உறுதியாச் சொன்னீங்க. சரி, பாத்த மனுசன், போய்க் கேட்டுக்கலாம்னு படியேறிட்டு இருந்தேன். அப்பத்தான் மைக்ல சொன்னீங்க, பாக்கலன்னு.’

‘நடுவர்களே குற்றம் இல்லன்னுட்டாங்களேப்பா’ என்றார் சோலைராசு. அவர் குரல் அவருக்கே சரக்கைத் தள்ளிவிடுகிற கடைக்காரன் குரல்போலக் கேட்டது.

‘ஆமாங்ணா. அவங்க உட்டுட்டாங்க, நீங்களும் உட்டுட்டீங்க.’ பையன் கையை மடியிலிருந்து எடுத்து நெஞ்சுக்கு நேராக, ஸ்டியரிங்கைப் பிடிக்கிறதுபோல வைத்துக்கொண்டான். ‘நான் இப்ப ஆஸ்பத்திரிக்குப் போறேன், அடுத்த ரேஸ் ஓட்டல. அவன் மொதல்ல இதத்தான் கேப்பான். ஏண்டா, வேணும்னேவாடா? நாங்க பத்து வயசுல இருந்து பேசிக்கிறவங்க, அவன்கிட்டப் போயி நடுவருங்க இல்லன்னுட்டாங்கன்னு சொல்ல முடியுங்களா?’ வலது பக்கமாகக் கையை லேசாகத் திருப்பினான். ‘இப்படித் திருப்புனா அது தற்காப்பு, வண்டி வழுக்குனா எல்லாரும் பண்றது.’ கையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து மறுபடியும் அதே பக்கம் திருப்பினான். ‘இப்படித் திருப்புனா வேணும்னே. எதுன்னு பாத்துச் சொல்லுங்ணா. எத்தனையோ மாட்ட, எத்தனையோ ஆளப் பாத்தவரு நீங்க.’

சோலைராசு பார்த்தார். இந்தத் தடவை குனியவில்லை, வேறெங்கும் பார்க்கவில்லை, இமைக்கக்கூட இல்லை. பையன் இன்னொரு தடவை திருப்பிக் காட்டினான், முதலில் அது, பிறகு இது. இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. காதில் தாரிணி, சார், வண்டிகள் வரிசைக்கு வருது, மைக்கைப் போடுங்க, மைக்கைப் போடுங்க என்றாள்.

‘தெரியல தம்பி’ என்றார்.

பையன் கையை இறக்கிக்கொண்டான். எழுந்து, நாற்காலியை இருந்த இடத்திலேயே சரியாக நகர்த்தி வைத்தான். ‘பரவால்லீங்ணா’ என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான்.